மூடுபனியில் வழி தெரிந்தவனின் விண்ணப்பம்

ஒருவனுக்கு ஒரு வல்லமை இருந்தால், அதற்கு ஈடாக ஒரு பலவீனமும் இருந்தே தீர வேண்டும் என்பது உலக நியதி. மலையைத் தூக்குகிறவனுக்கு மூட்டுவலி வர வேண்டும். அடுத்தவர் மனத்தைப் படிக்கிறவனுக்குத் தன் பெயரை எழுதத் தெரியக் கூடாது. மற்ற ஊர்களில் இந்த வேலையைக் கடவுளிடம் விட்டிருக்கிறார்கள். ஸ்வீடன் நாட்டில் ஸ்டென்வீக் என்னும் கடலோர ஊரில் மட்டும் இதற்கென்று ஒரு குழு இருந்தது.

சமநிலைக் குழு என்று பெயர். வியாழன்தோறும் மாலை ஐந்து மணிக்கு நூலகத்தின் நிலவறையில் கூடும். அது உண்டான கதை சின்னதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு சிறுவர் பத்திரிகையில் 'உப்புத் தீவுக் காவலர்கள்' என்று ஒரு தொடர் வந்தது. பதிமூன்றாவது இதழில் காவலர்கள் எல்லோரும் படகேறி மூடுபனிக்குள் போனார்கள். கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது. அந்த இதழோடு பத்திரிகை படுத்துவிட்டது. படித்த பிள்ளைகளால் அதை மறக்க முடியவில்லை. வளர்ந்து, வேலைக்குப் போய், வழுக்கை விழுந்த பிறகும் கூடிக்கூடி அந்தக் கதையைத் தாங்களே வேஷம் கட்டி ஆடிக்கொண்டிருந்தார்கள். பழைய காவலர்களின் வேஷத்தைக் கட்டிக்கொள்ள எல்லோரும் அடித்துக்கொண்டதால், அவரவர் சொந்தமாக ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது. சொந்தமாகப் படைக்கச் சொன்னதும் ஆளுக்கு ஆள் சூரியனை விழுங்குகிறவனாக வந்து நின்றார்கள். அதனால் குழு வந்தது.

பாத்திரத்துக்குக் குழு ஒப்புதல் தராவிட்டால், ஆகஸ்ட் மாதத்துப் பெரிய ஆட்டத்தில் படகேற முடியாது. ஹெல்மர் படகேற வேண்டியிருந்தது.

ஹெல்மர் ஒன்பதாம் எண் பேருந்தின் ஓட்டுநர். வயது ஐம்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை, மாடி வீட்டில் எண்பது வயதுத் தாயார். அப்பா காலத்தில் அந்தக் குடாவில் கப்பல்களுக்கு வழிகாட்டிய குடும்பம். கடலுக்கு அடியில் எந்தப் பாறை எந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கிறது என்பது ஹெல்மருக்குத் தூக்கத்திலும் தெரியும். உப்புத் தீவைப் பற்றித்தான் ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் தோரா.

தோரா பல் மருத்துவமனையில் உதவியாளர். வியாழக்கிழமை மட்டும் வெள்ளை அங்கியும் கிரீடமுமாக, உப்பு ராணியாக, பேருந்தில் ஏறுவாள். மூன்று வருஷம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு நாள் ஹெல்மர் வாயைத் திறந்தார். ஸ்டென்வீக்கில் அது கொஞ்சம் அவசரம்தான்.

"அந்தக் கிரீடம் தகரமா?" என்றார்.

"மூணு வருஷமா யோசிச்சு இதத்தான் கேக்கணும்னு தோணுச்சா டிரைவரே?"

"வேற ஒன்னு இருந்துச்சு. மறந்துட்டேன்."

தோரா சிரித்தாள். "ஆகஸ்ட்ல என் படகுல ஒரு எடம் காலி. என் பக்கத்து எடம். ஒரு பாத்திரத்த எழுதிக் குடுத்து ஒப்புதல் வாங்கிட்டு வந்து உக்காருங்க."

அன்று ஹெல்மர் இரண்டு நிறுத்தங்களில் பேருந்தை நிறுத்தவில்லை.

மே மாதம் முதல் வியாழன் விண்ணப்பத்தோடு நிலவறைக்குப் போனார். வாசலில் வரிசைச் சீட்டு கொடுக்கும் இயந்திரம். வேறு யாரும் இல்லை. ஆனாலும் சீட்டு எடுத்தார், எண் நாற்பத்தேழு. சுவரில் நாற்பத்துநான்கு எரிந்தது. செயலாளர் மாய்வோர் எழுந்து நின்று "நாற்பத்தஞ்சு" என்று கூப்பிட்டாள். யாரும் வரவில்லை. கண்ணியமான அளவு நேரம் காத்திருந்தாள். "நாற்பத்தாறு" என்றாள். அதற்கும் அதே மரியாதை. பிறகுதான் ஹெல்மர் உள்ளே போக முடிந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் சிக்ஸ்டன், நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வுபெற்றவர். செயலாளர் மாய்வோர். புள்ளி போடும் உல்ரிக். முப்பது வயது, மடிக்கணினியில் பெரிய அட்டவணை. முதலில் காப்பி, இலவங்கப்பட்டை பன். பிறகு சிக்ஸ்டன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் யாரு?"

"நீங்கதான்," என்றாள் மாய்வோர்.

"செயலாளர்?"

"நான்தான்."

"நடவடிக்கைக் குறிப்பச் சரிபாக்க ரெண்டு பேரு வேணும்."

"நான் ஒருத்தன்," என்றான் உல்ரிக்.

இன்னொருவர் இல்லை. மூன்று பேர் கூடினாலும் முறைப்படி நாலு பதவி. மூவரும் ஹெல்மரைப் பார்த்தார்கள்.

"நான் விண்ணப்பம் குடுக்க வந்தவன்," என்றார் ஹெல்மர்.

"அதனால என்ன? நடந்தது நடந்தபடி எழுதியிருக்குன்னு கையெழுத்து போடப் போறீங்க. அவ்ளோதான்," என்றார் சிக்ஸ்டன். ஹெல்மர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வாழ்க்கையில் அவர் ஜெயித்த முதல் தேர்தல் அது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவருடைய பாத்திரம் எளியது. பெயர் ஆஸ்கிர். படகோட்டி. வல்லமை: மூடுபனியில் வழி தெரியும். பலவீனம்: நீச்சல் தெரியாது.

உல்ரிக் விசைகளைத் தட்டினான். "மூடுபனியில வழி, மூணு புள்ளி. நீச்சல் தெரியாதது, கடல்காரன்கிறதால ஆறு. பலவீனம் கூடிப்போச்சு. சரி, இருக்கட்டும்… பெற்றோர்?"

"அம்மா இருக்காங்க."

விசைப்பலகை நின்றது. மாய்வோர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"உயிரோடவா?" என்றாள்.

அந்த ரசிகர் மன்றத்தில் ஒப்புதல் பெற்ற பாத்திரங்கள் நாற்பத்தொன்று. அவற்றில் முப்பத்தெட்டு அநாதைகள். எல்லோருக்கும் வெள்ளி நிற முடி, ஒரு கண் பச்சை, ஒரு கண் நீலம், கண்ணெதிரே எரிந்துபோன ஒரு கிராமம். அவ்வளவு கிராமங்கள் எரிந்தும் உப்புத் தீவில் இன்னும் ஆள் இருந்தது ஆச்சரியம். சோகமான இளமைக்குப் பன்னிரண்டு புள்ளி என்பதால், விவரம் தெரிந்தவர்கள் முதல் பக்கத்திலேயே பெற்றோரை முடித்துவிடுவார்கள். சிக்ஸ்டனுடைய புயலரசன் ஏழு கடலையும் ஏவுகிறவன். அவனுடைய பலவீனம் வசந்த காலத்தில் லேசான தும்மல். அது அட்டவணை வருவதற்கு முன்பு ஒப்புதலானது. பழைய ஒப்புதல்களைத் தோண்டக் கூடாது என்று சிக்ஸ்டனே ஒரு விதி கொண்டுவந்திருந்தார்.

"தாயார் உயிரோட இருந்தா மனத்தெம்பு, சூடான சாப்பாடு, துவைச்ச துணி. நாலு புள்ளி," என்றான் உல்ரிக். "மொத்த வல்லமை ஏழு. பலவீனம் ஆறு. ஒரு புள்ளி பலவீனம் வேணும்."

"இடது முட்டி வலிக்கும்," என்றார் ஹெல்மர்.

"எப்ப வலிக்கும்?"

"மழை வர்றதுக்கு முன்னாடி."

"அப்ப அது வானிலைய முன்கூட்டியே அறியும் வல்லமை. அஞ்சு."

ஹெல்மர் யோசித்தார். "ஆளுங்ககிட்ட பேசக் கூச்சம்."

"ரகசியம் காக்கும் வல்லமை. நாலு."

"மறதி உண்டு."

"எதிரி புடிச்சு அடிச்சாக்கூட ஒன்னும் சொல்ல மாட்டான். ஆறு." உல்ரிக் நிமிர்ந்து பார்த்தான். அவன் குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. "என்னங்க இது, இவன் பயங்கரமான ஆளா இருக்கானே."

மே முடிந்தது. ஜூன் வந்தது. ஆஸ்கிரின் ஆற்றலைக் கட்டுப்படுத்த, செவ்வாய்க்கிழமைகளில் அவன் கல்லாகிவிடுவான் என்று குழு விதித்தது. கல்லை யாரும் கத்தியால் குத்த முடியாது என்பதால் அது பெரிய வல்லமை என்று மறு வாரம் தெரிந்தது. அதைச் சரிக்கட்ட அவன் வெங்காயத்தைக் கண்டால் உண்மை பேசிவிடுவான் என்றார்கள். உண்மை பேசுகிறவனை எல்லோரும் நம்புவார்களே, அதற்கு எட்டுப் புள்ளி. ஜூலையில் ஆஸ்கிர் சூரியனை நிறுத்தக் கூடியவனாக இருந்தான், ஆனால் யாரும் பார்க்காதபோது மட்டும். மூச்சை அடக்கினால் மறைந்துவிடுவான், ஆனால் ஆஸ்துமா. ஒரு கண் பச்சையாகிவிட்டது. ஹெல்மருக்கு ஒரு படகோட்டிதான் வேண்டியிருந்தது. இப்போது அவனைப் பார்த்தால் அவருக்கே பயமாக இருந்தது.

ஒவ்வொரு வியாழனும் பேருந்தில் தோரா கேட்பாள்: "ஆச்சா டிரைவரே?"

"சூரியன நிறுத்த வேண்டாம்னு கெஞ்சிப் பாத்தேன். கேக்க மாட்டேங்கறாங்க."

"சீக்கிரம் முடிங்க. என் பக்கத்து எடத்தக் கேட்டு ஒரு ட்ராகன்காரன் சுத்திட்டிருக்கான்."

ஜூலைக் கடைசி வியாழன்தான் கடைசி நாள். உல்ரிக் அட்டவணையை நாலு தடவை ஓட்டினான். வல்லமைப் பக்கம் அரைப் புள்ளி கூடுதல்.

"வெறும் அரைப் புள்ளிதானே," என்றார் ஹெல்மர்.

"இன்னைக்கு அரைப் புள்ளிய விட்டா, நாளைக்கு ஒருத்தன் ரெண்டு சந்திரனோட வந்து நிப்பான்," என்றார் சிக்ஸ்டன். பிறகு இதமாகச் சொன்னார்: "ஒரே வழிதான் இருக்கு, ஹெல்மர். அம்மாவக் கொன்னுடுங்க."

"யார் அம்மாவ?"

"ஆஸ்கிரோட அம்மாவத்தான். ஒரு வரி. 'காய்ச்சலில் இறந்தாள்.' நான் என் ஆளுக்கு அப்பா அம்மா பாட்டி மூணு பேரையும் ஒரே வாக்கியத்துல முடிச்சேன்."

அன்று வேலைக்குக் கிளம்பும்போது ஹெல்மரின் அம்மா மாடிப்படியில் நின்று, ஏலக்காய் பன் இரண்டைத் துணியில் கட்டிக் கொடுத்திருந்தாள். அது இன்னும் சட்டைப் பையில் இருந்தது. அவர் பேனாவை எடுத்தார். 'காய்' வரைக்கும் எழுதினார். பேனாவை வைத்துவிட்டார்.

"மாட்டேன்," என்றார்.

"ஊருக்குப் போயிருக்கறதா வெக்கலாமா?" என்றாள் மாய்வோர், இரக்கத்தோடு.

"தபால் போடுவாங்களே," என்றான் உல்ரிக். "அரைப் புள்ளி அப்பவும் இடிக்கும்."

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மாய்வோர் குறிப்பை எழுதி நீட்டினாள். நடந்தது நடந்தபடியே இருந்தது. ஒரு எழுத்துப் பிசகில்லை. ஹெல்மர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு மேல்முறையீடு எப்படிச் செய்வது என்று கேட்டார்.

சிக்ஸ்டன் விதிப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். பிரிவு ஒன்பது: சரி என்று கையெழுத்திட்டவர், சரியில்லை என்று முறையிட இயலாது.

அப்படியும் குழு இரக்கமற்றது அல்ல. ஒப்புதல் பெறாதவர்கள் ஆட்டத்தைப் பார்க்க வரலாம். தலையில் வெள்ளை ரிப்பன் கட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளை ரிப்பன் கட்டியவர் அங்கே இல்லை என்று பொருள். உறுப்பினர்கள் எங்கே சந்தித்தாலும் அவரைப் பார்க்கக் கூடாது, அவர் சொல்வதைக் கேட்கக் கூடாது, பதில் பேசக் கூடாது. மீறினால் மூன்று வருஷம் விலக்கம்.

ஆகஸ்ட் வந்தது. படகுத்துறையில் காகிதத் தொப்பிகளும் காகித நிலாக்களும் தொங்கின. ஆட்டம் முடிந்ததும் எதிர்த் தீவில் சிங்கி இறால் விருந்து. சதகுப்பைக் கீரை போட்டு அவித்த இறால் வாளிகள் முன்னதாகவே போய்விட்டன. ஒன்பது படகுகள். தோராவின் படகில் அவளும் குழுவினர் மூவரும். ஹெல்மர் வெள்ளை ரிப்பனோடு கரையில் நின்றார்.

தோரா அவர் நின்ற திசையில் பார்க்காமல், கடலைப் பார்த்துச் சொன்னாள்: "என் பக்கத்து எடம் காலியாவே இருக்கட்டும்."

சிக்ஸ்டன் நீதிமான். சற்று யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: "இல்லாத ஒருத்தர் உக்காந்தாலும் எடம் காலியாத்தான் இருக்கும். விதியில தடையில்ல."

இப்படியாக ஹெல்மர் தோராவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மூன்று வருஷமும் மூன்று மாதமும் ஆசைப்பட்ட இடம். அவள் தோள் அவர் தோளில் பட்டது. அவர் இல்லாததால் அவள் நகர்ந்துகொள்ள வேண்டிய அவசியமும் இல்லை.

கால்மணி நேரத்தில் மூடுபனி இறங்கியது. ஆட்டத்துப் பனி அல்ல, அசல் பனி. முன்னால் போன படகின் விளக்கு முதலில் மங்கியது, பிறகு காணாமல் போனது. சிக்ஸ்டன் எழுந்து நின்று புயலரசனாகக் கையை உயர்த்திப் பனியை விலகச் சொன்னார். தும்மினார்.

"இடது பக்கம் பாறை இருக்கு. வலது பக்கம் திருப்பு," என்றார் ஹெல்மர்.

ஒருவரும் அசையவில்லை. சுக்கானைப் பிடித்திருந்த தோராவின் கை மட்டும் கொஞ்சம் நகர்ந்தது.

"ராணியே," என்றார் சிக்ஸ்டன், "இப்ப யாரும் எதுவும் சொல்லலையே?"

"இல்ல. காத்து."

"காத்து சொன்னதக் கேட்டு ஏன் திருப்பறீங்க? மூணு வருஷ விலக்கம், ஞாபகம் இருக்கட்டும்."

தோரா சுக்கானை நேராக்கினாள்.

"தோரா, பாறைக்கு முப்பது அடிகூட இல்ல. இந்தப் பாறைக்கு எங்க தாத்தா பேரு வெச்சிருக்காங்க," என்றார் ஹெல்மர்.

"காத்து ரொம்ப வெவரமா அடிக்குது," என்றான் உல்ரிக் மெதுவாக.

படகு ஹெல்மரின் தாத்தா மேல் ஏறி உட்கார்ந்தது. பலகை ஒன்று பிளந்து தண்ணீர் வரத் தொடங்கியது.

"ஆட்டத்த நிறுத்திடலாமே," என்றாள் மாய்வோர்.

"நிறுத்தப் பொதுக்குழு கூடணும். பொதுக்குழு மத்த எட்டு படகுல இருக்கு," என்றார் சிக்ஸ்டன். "ஆனா சமநிலைக் குழு முழுசா இங்கதான் இருக்கோம். அவசரக் கூட்டம் போட்டு இவருக்கு ஒப்புதல் குடுத்துட்டா, இவர் சொல்றதக் கேக்கறதுல தப்பில்ல."

தலைவர், செயலாளர் தேர்வானார்கள். சரிபார்ப்பாளர்கள் உல்ரிக்கும் தோராவும். தண்ணீர் கணுக்காலைத் தொட்டபோது நிகழ்ச்சி நிரல் ஏற்கப்பட்டது. சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்பட்டு முடிந்தபோது கெண்டைக்காலுக்கு வந்திருந்தது.

"அரைப் புள்ளி இன்னும் அப்படியேதான் இருக்கு," என்றான் உல்ரிக், மடிக்கணினியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு. "ஒரு பலவீனம் சொல்லச் சொல்லுங்க. அவர்கிட்ட நேரா கேக்க முடியாது. பொதுவாக் கேளுங்க."

"யாருக்காவது ஏதாவது பலவீனம் இருக்கா?" என்று சிக்ஸ்டன் பனியைப் பார்த்துக் கேட்டார்.

ஹெல்மருக்கு அதுவரை கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

"இருக்கு. எழுதிக்குங்க. உப்புத் தீவும் வேண்டாம், சூரியனும் வேண்டாம். இந்தம்மா பக்கத்துல ஒரு தடவ உக்காரணும்னு பதினாலு பக்கம் எழுதினேன். மூணு மாசம் உங்க பன்ன தின்னேன். இதவிடப் பலவீனமான ஆள உங்க அட்டவணையில பாத்திருக்கீங்களா?"

தோரா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதோரம் சிவந்திருந்தது. ஆனால் இல்லாத ஒருவர் சொன்னதை அவள் கேட்டிருக்க முடியாது.

உல்ரிக் கணக்குப் போட்டான். "எட்டுப் புள்ளி. அடேயப்பா. இப்ப பலவீனம் ஏழரை கூடிப்போச்சு. ஏழரைக்கு ஒரு வல்லமை குடுத்தாத்தான் சமநிலை."

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அட்டவணை முழுவதும் தேடினார்கள். ஏழரைப் புள்ளிக்கு ஒரே ஒரு வல்லமைதான் இருந்தது: சமநிலைக் குழு உறுப்பினர் பதவி. ஏகமனதாக நிறைவேறியது. தோரா நனைந்த தாளில் கையெழுத்துப் போட்டாள். சிக்ஸ்டன் ரிப்பனை அவிழ்த்தார்.

"ஹெல்மர், நீங்களும் வந்திருக்கீங்களா? நல்லது. எந்தப் பக்கம் போகணும்?"

ஹெல்மர் படகைப் பாறையிலிருந்து பின்னால் தள்ளிவிட்டு, பிளவில் சிக்ஸ்டனின் அரச அங்கியை அடைத்து, பத்து நிமிஷத்தில் எதிர்த் தீவில் கரை சேர்த்தார். விருந்தில் எல்லோரும் காகிதத் தொப்பியோடு பாட்டுப் பாடினார்கள். தோரா அவருக்கு எதிரில் உட்கார்ந்து இறாலை உறிஞ்சினாள். பாறையில் சொன்னதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அதிகாரபூர்வமாக அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை அல்லவா.

பதில் வர வேண்டிய வழியாக வந்தது. செப்டம்பர் இரண்டாம் வியாழன். மேஜைக்கு அந்தப் பக்கம் நாலு பேர். நாலாவது ஹெல்மர். இந்த நாலு வாரத்தில் அவர் விதிப் புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்தார். பேருந்து ஓட்டுகிற மனிதர், எழுதிவைத்த தடத்தில் போவது அவருக்குப் பழக்கம்தான். வாசலில் சீட்டு எடுத்துக்கொண்டு தோரா உள்ளே வந்தாள். கிரீடம் துடைத்துப் பளபளவென்று இருந்தது.

"திருத்த விண்ணப்பம்," என்று தாளைப் பிரித்து வாசித்தாள். "உப்பு ராணிக்குக் கூடுதலாக ஒரு பலவீனம் சேர்க்க வேண்டுகிறேன். ஒன்பதாம் எண் பேருந்தின் ஓட்டுநர் இல்லாத படகில் அவளால் ஏற முடியாது. அவன் இல்லாத வீட்டிலும் அநேகமாக முடியாது."

 காப்பிக் குடுவை எங்கோ சொட்டியது.

"இதுக்கு ஈடா என்ன வல்லமை கேக்கறீங்க?" என்றார் சிக்ஸ்டன்.

"ஒன்னும் வேண்டாம். பலவீனம் மட்டும் போதும்."

மாய்வோரின் பேனா நின்றது. மன்றம் தொடங்கிய நாள் முதல் யாரும் வெறும் பலவீனத்தைக் கேட்டு வந்ததில்லை. மூவரும் ஹெல்மரைப் பார்த்தார்கள்.  சம்மதம் என்று சொல்ல அவருக்கு நாக்கு எழுந்தது. ஆனால் தனக்கு வேண்டியவளுக்குச் சலுகை காட்டினான் என்று ஒரு சொல் வந்துவிட்டால்? நாலு வாரமாகத்தான் அந்த நாற்காலி. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார், சிக்ஸ்டனைப் போலவே.

"பிரிவு நாலு," என்றார். "ஈடு இல்லாத பலவீனம் சமநிலையக் கெடுக்கும். அதோட, 'அநேகமாக'ங்கறதுக்கு அட்டவணையில புள்ளி இல்ல."

சொல்லி முடித்ததும்தான் அவருக்கே அது காதில் விழுந்தது. அதற்குள் மாய்வோர் எழுதிவிட்டாள்.

"தீர்ப்புச் சொன்னவரே சரிபாக்க முடியாது. சரிபார்ப்பாளர் ஒருத்தர் கொறையறாங்க," என்றார் சிக்ஸ்டன். தோரா ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாள். குறிப்பை வாசித்தாள். நடந்தது நடந்தபடியே இருந்தது. கையெழுத்துப் போட்டாள். திருத்தம் நிராகரிக்கப்பட்ட பாத்திரம், மார்ச் மாதம் பொதுக்குழு கூடும்வரை நடப்பில் இல்லை என்பது பிரிவு பதினொன்று. மாய்வோர் இழுப்பறையிலிருந்து வெள்ளை ரிப்பனை எடுத்துக் கொடுத்தாள்.

"அழகா கட்டிக்கறேன்," என்றாள் தோரா.

ஏழு மணிக்கு ஹெல்மருக்குப் பேருந்து முறை. நூலக நிறுத்தத்தில் தோரா ஏறினாள். கிரீடத்துக்கு மேலே வெள்ளை ரிப்பன், காதோரம் பூ முடிச்சு. ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். ஹெல்மர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைவு வந்து சாலையைப் பார்த்தார்.

அவள் வீட்டு நிறுத்தத்துக்கு முன்னால் பொத்தானை அழுத்தினாள். மணி அடித்தது. 'நிற்கும்' என்று சிவப்பு விளக்கு எரிந்தது. இல்லாத ஒருவர் அடித்த மணியைக் குழு உறுப்பினர் எப்படிக் கேட்பது? ஹெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிப் போனார்.

பேருந்தில் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். விளக்குதான் எரிகிறதே என்று யாரும் மறுபடி அழுத்தவில்லை. அவரவர் நிறுத்தம் வந்து வந்து போனது. பக்கத்தில் இருப்பவர் கேட்பார் என்று ஒவ்வொருவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தை பேசாமல் பதினொரு பேரும் ஊரைத் தாண்டி, ஜல்லிக் குழிக்குப் பக்கத்தில் பேருந்து திரும்பும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஹெல்மர் எஞ்சினை நிறுத்தினார்.

"இது எந்த ஸ்டாப்?" என்றாள் தோரா.

ஹெல்மர் முன்கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 

துலிப் கிழங்குப் பையோடு இருந்த ஒரு பெரியவர் பொறுக்க முடியாமல் எழுந்தார். "ஏங்க, அந்தம்மா கேக்கறாங்கல்ல?"

"யாரும் கேட்டதா எனக்குத் தெரியல," என்றார் ஹெல்மர். "யாராவது கேட்டா, கடைசி ஸ்டாப்னு சொல்லுங்க."

"கடைசி ஸ்டாப்பாம்மா."

"நான் இங்கயே இருக்கறதுல அவருக்கு ஆட்சேபணை உண்டான்னு கேளுங்க."

"ஆட்சேபணை உண்டாங்கறாங்க."

"எனக்கு மனசுல ஒரு ஆட்சேபணையும் இல்லன்னு சொல்லுங்க. விதியிலதான் இருக்கு. நான் ஒரு மடையன்னும் சொல்லுங்க."

"அது அவங்களுக்கே தெரியும்போல இருக்கு," என்றார் பெரியவர். "என்னங்க விஷயம்? வெவரமா சொல்லுங்க, எல்லாரும் வீட்டுக்குப் போகணும்."

விவரம் சொல்லப்பட்டது. பதினொரு பேரும் கவனமாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும், மன்றம் இன்னது, விதி இன்னது என்று எதுவுமே அறியாத அந்த ஜனங்களில் ஒருத்தி, மருத்துவமனைச் சீருடையில் இருந்த பெண், மிக இயல்பாகச் சொன்னாள்: "அப்ப ஒரு கூட்டம் போட்டுடலாமே. தலைவர் யாரு?"

மறு நிமிஷம் தலைவர் இருந்தார், செயலாளர் இருந்தார், பயணச்சீட்டின் பின்பக்கத்தில் நிகழ்ச்சி நிரல் இருந்தது. சரிபார்ப்பாளர் இரண்டு பேர் என்றதும் துலிப் பெரியவரும் மருத்துவமனைப் பெண்ணும் கையைத் தூக்கினார்கள். ஓட்டுநருக்கு அந்தம்மாவிடம் எட்டுப் புள்ளி பலவீனம், அந்தம்மாவுக்கு ஓட்டுநரிடம் எட்டுப் புள்ளி பலவீனம், ஒன்றுக்கு ஒன்று ஈடு, எனவே ரிப்பனை அவிழ்க்கலாம் என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எல்லோரும் கை தட்டினார்கள். தோரா முடிச்சில் கை வைத்தாள்.

"ஒரு நிமிஷம்மா," என்றார் பெரியவர். "குறிப்ப நாங்க ரெண்டு பேரும் சரிபாத்துக் கையெழுத்து போட்டாத்தான் நடப்புக்கு வரும். நான் வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் படிக்கறேன். கண்ணாடி எடுத்துட்டு வரல."

அதை நியாயம் என்று பன்னிரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். தோராவும்தான்.

பெரியவர் மறுநாள் துலிப் கிழங்குகளைத் தோட்டத்தில் புதைத்துவிட்டு, வருஷா வருஷம் போவதுபோல் ஸ்பெயினுக்கு வெயில் காயப் போய்விட்டார். குறிப்பு அவருடைய கோட்டுப் பையில் போனது. துலிப் பூக்கும்போது திரும்புவார்.

அதுவரை சட்டம் சட்டம்தான். ஒன்பதாம் எண் பேருந்து கடைசி நிறுத்தத்தில் ஏழு நிமிஷம் நிற்கும். ஹெல்மர் தன் குடுவையைத் திறந்து இரண்டு கோப்பையில் காப்பி ஊற்றுவார். ஒன்றைத் தான் எடுத்துக்கொள்வார். இன்னொன்றை, அம்மா கொடுத்த ஏலக்காய் பன்னோடு, தன் பின்னால் யாரும் இல்லாத இருக்கையில் வைப்பார். ஏழு நிமிஷம் கழித்துத் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி எடுப்பார்.

கோப்பை தினமும் காலியாகவே இருந்தது. அது எப்படி என்று விசாரிக்க யாருக்கும் அதிகாரம் இல்லை.